‘கால் தவறிட்டான்’: உயரத்தில் வேலை செய்தவர்களின் வரலாறு

எங்கள் பக்கத்தில் ஒருவர் தென்னையிலிருந்து விழுந்தால் ஊர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடும்: “கால் தவறிட்டான்.” சாரத்திலிருந்து விழுந்த சித்தாளுக்கும் அதே வாக்கியம்தான். மின்கம்பத்திலிருந்து விழுந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதேதான். கொஞ்ச நேரத்தில் டீக்கடையில் இரண்டாவது வாக்கியம் வரும்: “தண்ணியப் போட்டுட்டு ஏறியிருப்பான்.” அடிபட்டவரை ஏற்றிய வண்டி க.விலக்கு அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் விசாரணை முடிந்து தீர்ப்பும் எழுதப்பட்டிருக்கும். தப்பு விழுந்தவனுடையது. தோப்புக்காரர் ஐந்தாயிரமோ பத்தாயிரமோ கொடுத்தால் அவர் நல்ல மனுசர். கொடுக்காவிட்டால் கேட்க ஆளில்லை.

இந்த இரண்டு வாக்கியங்களும் தானாக முளைத்தவை அல்ல என்று நாங்கள் நினைக்கிறோம். அவற்றுக்கு நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு இருக்கிறது. உயரத்தில் வேலை செய்கிறவருக்குப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் யாருக்காக வந்தது, எப்போது வந்தது, யாரை விட்டுவிட்டு வந்தது என்று பார்த்தால் அந்த வரலாறு தெரியும்.

ஓடைப்பட்டியிலிருந்தே தொடங்குவோம்.

ஒரே ஊர், இரண்டு உயரங்கள்

உத்தமபாளையம் வட்டத்தில் இருக்கும் ஓடைப்பட்டி, திராட்சைக்குப் பேர் போன ஊர். கிணற்றையும் ஆழ்துளையையும் நம்பிய விவசாயம். திராட்சைப் பந்தல் ஆளுயரத்துக்குச் சற்று மேல்தான் இருக்கும். அங்கே விழுகிற ஆபத்து குறைவு, கையைத் தூக்கியபடியே நாள் முழுக்க நிற்கிற வலிதான் அதிகம். உயரமான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. தோப்புகளில் தென்னை. புதிதாக எழும் வீடுகளில் சாரமும் சென்ட்ரிங்கும். இவற்றுக்கெல்லாம் மேலே, கம்பம் பள்ளத்தாக்கின் பருவக்காற்றை நம்பி இந்த வட்டாரத்தில் நிறுத்தப்பட்ட காற்றாலைகள்.

காற்றாலைக் கோபுரத்தில் ஏறுகிறவர் வெறும் கையோடு ஏறுவதில்லை. முழு உடல் பெல்ட், இரண்டு கொக்கிகள், ஏணியோடு ஓடும் பிடிகயிறு எல்லாம் உண்டு. உலகக் காற்றாலை நிறுவனங்கள் சேர்ந்து 2012-ல் உருவாக்கிய அமைப்பு ஒன்று, உயரத்தில் வேலை செய்வதற்கென்றே தனிப் பயிற்சி வகுத்திருக்கிறது. அந்தச் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பின் மறுபடி பயிற்சிக்குப் போக வேண்டும். பல நிறுவனங்கள் இந்தச் சான்றிதழ் இல்லாமல் கோபுரத்தைத் தொட விடுவதில்லை.

அதே கோபுரம் தெரிகிற தூரத்தில், 60 அடித் தென்னையில் ஒருவர் ஏறிக்கொண்டிருப்பார். காலில் தளைக்கயிறு, இடுப்பில் அரிவாள். அவ்வளவுதான். பூமி இழுக்கும் விசை இருவருக்கும் ஒன்றுதான். 20 அடியிலிருந்து விழுகிறவர் ஒரு நொடி சொச்சத்தில், மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர் வேகத்தில் தரையை அடைவார். 60 அடியிலிருந்து என்றால் இரண்டு நொடிக்குள், மணிக்கு 68 கிலோமீட்டர் வேகம். இடையில் யோசிக்கவோ எதையாவது பிடிக்கவோ நேரம் கிடையாது. அப்படியிருக்க ஒருவருக்குச் சான்றிதழ், இன்னொருவருக்கு வெறும் கயிறு என்பது எப்படி?

இதை நாங்கள் காலனியில் ஒரு சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தோம். நாற்பது வருடமாக மரம் ஏறிய பெரியவர் ஒருவர் சிரித்தார். “எனக்கு யாரு தம்பி சொல்லிக் குடுத்தா? எங்கய்யா ஏறுனாரு, நானும் ஏறுனேன்.”

“உங்கய்யா ஒண்ணுமே சொல்லலையா, தாத்தா?” என்று கேட்டோம்.

யோசித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். மழை பெய்த மறுநாள் ஏறாதே. காய்ந்த மட்டையை நம்பிப் பிடிக்காதே. பச்சை மட்டையானாலும் ஒன்றை மட்டும் பிடித்துத் தொங்காதே. கொண்டையில் கை வைக்கும் முன் குளவி இருக்கிறதா பார். பக்கத்தில் கரண்டுக் கம்பி போனால் அந்தப் பக்கத்து மட்டையை வெட்டாதே. வயிறு காலியாக ஏறாதே. பத்து நிமிடம் சொன்னார். பயிற்சி இல்லாமல் ஏறினேன் என்று சொன்னவர் ஒரு முழுப் பாடத்தையே ஒப்பித்தார்.

எங்களுக்கு அன்றைக்குப் புரிந்தது இதுதான். பயிற்சி எப்போதும் இருந்திருக்கிறது. அதற்கு அந்தப் பேர் கொடுக்கப்படவில்லை, கூலியும் கொடுக்கப்படவில்லை. தகப்பன் மகனுக்குக் கொடுத்த அந்த அறிவைப் ‘பரம்பரைத் திறமை’ என்று ஊர் மாற்றிச் சொல்லிக்கொண்டது. பிறவியிலேயே வருகிற திறமைக்கு எதற்குப் பயிற்சி? பயிற்சியே வேண்டாம் என்றால் கயிறு எதற்கு, காப்பீடு எதற்கு? இப்படித்தான் வேலை கொடுத்தவரின் கடமை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போயிற்று.

அணையும் பேரில்லாதவர்களும்

பள்ளத்தாக்கின் பெரிய கட்டுமானம் முல்லைப் பெரியாறு அணை. 1887-ல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் திறந்து வைத்தார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு, யானையும் புலியும் திரிந்த காட்டில், மழையிலும் காய்ச்சலிலும் கட்டப்பட்ட அணை அது. அந்த ஆண்டுகளில் நோயால் மட்டும் 483 பேர் இறந்ததாகத் திட்டத்தின் வரலாறு சொல்கிறது. அவர்களை அணைக்கு அருகிலேயே புதைத்தார்கள்.

483 என்ற எண் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பெயர்கள் வந்து சேரவில்லை.

பென்னிகுவிக்கை இந்தப் பள்ளத்தாக்கு மதிக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013-ல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. நாங்களும் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள்தான், அந்த மரியாதையில் எங்களுக்கும் பங்குண்டு. ஆனால் கல் சுமந்தவருக்கும், செங்குத்துப் பாறையில் நின்று சுண்ணாம்பு பூசியவருக்கும் ஒரு பலகையில் நான்கு வரி எழுதியிருக்கலாம். பேரில்லாமல் செத்தவர் எப்படிச் செத்தார் என்று யாரும் கேட்பதில்லை. எப்படிச் செத்தார் என்று கேட்காத இடத்தில், அடுத்தவர் சாகாமல் இருக்க என்ன செய்வது என்ற கேள்வியும் எழுவதில்லை. பாதுகாப்பின் வரலாறு சாவைக் கணக்கில் எழுதுவதிலிருந்துதான் தொடங்குகிறது.

பயமே தெரியாத இனம் என்ற கதை

முல்லைப் பெரியாறு வேலை நடந்த அதே காலத்தில், உலகின் மறுபக்கத்தில் ‘பிறவித் திறமை’ என்ற கதை வேறொரு மக்கள் மீது ஒட்டப்பட்டது. அதை இங்கே சொல்லக் காரணம், அது நம்முடைய கதைபோலவே இருப்பதுதான்.

கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மீது 1886-ல் ரயில் பாலம் கட்டினார்கள். பாலத்தின் ஒரு முனை காணவாகே என்ற மோஹாக் பூர்வகுடிகளின் நிலத்தில் இறங்கியது. அந்த ஊர் இளைஞர்களுக்கு முதலில் சுமைவேலை கொடுத்தார்கள். பிறகு இரும்புச் சட்டங்களின் மேல் ஏறி ஆணி அறையும் வேலைக்கு எடுத்தார்கள். தேர்ந்தவரோடு புதியவரைச் சேர்த்து, பார்த்துப் பழகவைத்து, குழு குழுவாக அவர்கள் அந்த வேலையைக் கற்றார்கள். பின்னாளில் நியூயார்க்கின் வானளாவிய கட்டடங்கள் வரைக்கும் போனார்கள். வெள்ளைக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? இவர்களுக்கு உயரப் பயம் பிறவியிலேயே கிடையாது என்றார்கள்.

1907 ஆகஸ்ட் 29 அன்று, கட்டிக்கொண்டிருந்த கியூபெக் பாலம் சரிந்தது. 75 தொழிலாளர்கள் செத்தார்கள். அதில் 33 பேர் காணவாகேவைச் சேர்ந்தவர்கள். ஒரு சின்ன ஊரில் ஒரே நாளில் அத்தனை வீடுகளில் எழவு. தவறு வடிவமைப்பில் இருந்தது, அதைப் பொறியாளர்கள் செய்திருந்தார்கள் என்பது பிறகு விசாரணையில் வெளிவந்தது. பயமில்லாமல் பிறந்ததாகச் சொல்லப்பட்ட பிறப்பு யாரையும் காப்பாற்றவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: இனி நம் ஆண்கள் எல்லோரும் ஒரே பாலத்தில் வேலைக்குப் போகக் கூடாது, பிரிந்து போகட்டும். அந்தக் காலத்தில் அவர்கள் கையில் இருந்த ஒரே பாதுகாப்பு ஏற்பாடு அதுதான். அதையும் கம்பெனி செய்யவில்லை, அம்மாக்களும் மனைவிகளும் செய்தார்கள்.

இனத்தின் பேரால் அங்கே சொன்னதை இங்கே சாதியின் பேரால் சொன்னார்கள். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்கிறவர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்பது அண்ணல் அம்பேத்கர் 1936-ல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலின் மையமான வாதங்களில் ஒன்று. அந்த அடுக்கில் உச்சி மரத்துக்கு அனுப்பப்படுகிறவரும் அடிக்குழிக்கு அனுப்பப்படுகிறவரும் ஒரே ஆட்கள்தான். மலக்குழியில் இறங்குகிறவருக்கும் பயிற்சி கிடையாது, கருவி கிடையாது. உயரத்தையும் ஆழத்தையும் ஒரே தெருவுக்கு ஒதுக்கிவிட்டு, சமதளத்தைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள்.

சட்டம் உயரத்தை அளந்தது

இந்தியாவில் வேலையிடச் சாவுக்கு விலை வைத்த முதல் பெரிய சட்டம் 1923-ன் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம். அதில் உயரம் அடிக்கணக்கில் வருகிறது. ஒரு மாடிக்கு மேற்பட்ட கட்டடம், அல்லது தரையிலிருந்து கூரை உச்சி வரை 12 அடி அல்லது அதற்கு மேல் உள்ள கட்டடம், இவற்றில் வேலை செய்கிறவர் அதன் பட்டியலில் இருக்கிறார். பனை வகை மரங்களில் ஏறிச் சாறு இறக்குகிறவரும் இருக்கிறார். மரமேறி தொழிலாளிதான் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஊர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தச் சட்டத்தில் நம் மக்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி ஒன்று உண்டு. குடித்திருந்தார், வேண்டுமென்றே விதியை மீறினார், பாதுகாப்புக் கருவியைக் கழற்றிப் போட்டார் என்று காட்டி முதலாளி நட்டஈட்டிலிருந்து தப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி காயத்துக்கு மட்டும்தான். தொழிலாளி இறந்துவிட்டால் அந்தச் சாக்கு செல்லாது. 1995-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டாலும் செல்லாது. “தண்ணியப் போட்டுட்டு ஏறினான்” என்ற டீக்கடைத் தீர்ப்பைச் சாவு விசயத்தில் சட்டம் எப்போதோ தள்ளுபடி செய்துவிட்டது. அது தெரியாததால்தான் எத்தனையோ குடும்பங்கள் தலைகுனிந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டன. 2000-ல் வந்த இன்னொரு திருத்தம், ‘தற்காலிகமாக வந்த கூலி’ என்று சொல்லி ஒதுக்கும் வழியையும் அடைத்தது.

ஆனால் நட்டஈடு என்பது செத்த பிறகு வருவது. சாகாமல் இருக்க என்ன வழி?

1942 ஜூலையிலிருந்து 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அண்ணல் அம்பேத்கர் பொறுப்பில் இருந்தது. 1943 டிசம்பரில் அவர் தன்பாத் நிலக்கரிப் பகுதிக்குப் போனார். மேலே நின்று அறிக்கை வாங்கிக்கொண்டு திரும்பவில்லை. சுரங்கத்துக்குள் இறங்கி, வேலை நடக்கும் இடத்தையும் தொழிலாளர் குடியிருப்பையும் நேரில் பார்த்தார். ஆபத்தான வேலை நடக்கும் இடத்துக்குப் பொறுப்பில் இருப்பவர் தானே போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியாது.

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 32-வது பிரிவு, விழ வாய்ப்புள்ள இடத்தில் வேலை செய்கிறவருக்குத் தடுப்போ வேறு ஏற்பாடோ செய்ய வேண்டும் என்றது. போபால் விசவாயுவுக்குப் பிறகு, 1987-ல் அதே சட்டத்தில் 111ஏ என்ற பிரிவு சேர்ந்தது. பாதுகாப்புப் பயிற்சி பெறுவது தொழிலாளியின் உரிமை என்று அது சொன்னது. கருணையாகவோ சலுகையாகவோ சொல்லவில்லை, உரிமை என்றே சொன்னது. ஆனால் அது ஆலைக்குள் இருப்பவருக்கு. தோப்பும் சாரமும் ஆலைக்கு வெளியே இருந்தன.

அப்பன் தொழிலே பயிற்சி என்றார்கள்

நம் மாநிலத்தில் பயிற்சி என்ற சொல் தலித் மக்களின் நினைவில் வேறொரு கசப்போடும் ஒட்டியிருக்கிறது. 1953-ல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்பது. ‘குலக்கல்வி’ என்று பெரியாரும் திராவிட இயக்கமும் அதை எதிர்த்துப் போராடின. 1954-ல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்புத் தைக்கவும், மரமேறி பிள்ளை மரமேறவும் என்ற அந்தத் திட்டத்தில் பயிற்சி என்ற பேர் இருந்தது. பயிற்சிக்குரிய எதுவும் இல்லை. உண்மையான பயிற்சி ஒருவரை அந்த வேலையிலிருந்து மேலே ஏற்றும். சித்தாளைக் கொத்தனாராக்கும். ஆபத்தை அடையாளம் காணவும், வேண்டாம் என்று சொல்லவும் கற்றுக்கொடுக்கும். குலக்கல்வி அதே மரத்தடியில் அடுத்த தலைமுறையையும் நிறுத்தப் பார்த்தது. ஆகவே பயிற்சி வேண்டும் என்று நாங்கள் கேட்கும்போது, எந்தப் பயிற்சி என்பதையும் சேர்த்தே கேட்கிறோம்.

சங்கம் வாங்கிய சட்டம்

கட்டடத் தொழிலாளிக்கான சட்டம் மேலிருந்து இறங்கி வரவில்லை. 1979-ல் உருவான தமிழ் மாநிலக் கட்டடத் தொழிலாளர் சங்கம் போன்ற அமைப்புகள் தெருவில் நின்றன. அதன் பலனாக 1982-ல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1994 நவம்பரில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. இதற்கிடையே 1985-ல் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் நாடு தழுவிய பிரச்சாரக் குழு ஒன்று உருவாகி, மத்தியச் சட்டம் வேண்டும் என்று பத்தாண்டுக்கு மேல் போராடியது. 1996-ல் கட்டடம் மற்றும் இதரக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. 1998-ல் வந்த மத்திய விதிகள் சாரம், ஏணி, பாதுகாப்பு பெல்ட், வலை என்று ஒவ்வொன்றுக்கும் விவரமாக எழுதின.

தாளில் இவ்வளவும் இருக்க, ஓடைப்பட்டியில் சவுக்குக் கம்புச் சாரத்தில் செருப்பில்லாமல் நிற்பவருக்கு ஏன் எதுவும் வந்து சேரவில்லை?

காரணம் சட்டத்தின் முதல் பக்கங்களிலேயே இருக்கிறது. பத்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது பொருந்தும். ஒருவர் தன் சொந்தக் குடியிருப்புக்காக 10 லட்ச ரூபாய்க்குள் கட்டும் வீடு அதற்குள் வராது. கிராமத்தில் ஒரு மேஸ்திரி, இரண்டு கொத்தனார், நான்கு சித்தாள்தான். நம் காலனிகளில் அரசு உதவியோடு பயனாளியே கட்டிக்கொள்ளும் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கலைஞர் கனவு இல்லத்தின் தொகை ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம். அதைக் கட்டுவதும் நம் ஆட்கள்தான், குடியிருக்கப் போவதும் நம் ஆட்கள்தான். பாதுகாப்பு விதி மட்டும் அந்த வாசலில் நின்றுவிடுகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இந்த 10 லட்சம் 50 லட்சமாக உயர்ந்துவிட்டது. கதவு இன்னும் அகலமாக மூடப்பட்டிருக்கிறது.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் நலநிதியாக வசூலாகிறது. 2018 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் இந்தக் கணக்கு வந்தது. நாடு முழுக்க 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகியிருந்தது. அதில் தொழிலாளிக்காகச் செலவானது ஏறத்தாழ 9,500 கோடி. மீதிப் பணம் கிடக்க, சாரத்தில் நிற்பவருக்கு ஒரு நாள் பயிற்சி தர வழியில்லை என்றார்கள்.

ஆள் இல்லாமல் போனபோது வந்த பயிற்சி

நம் மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கேரளத்தில் தென்னை ஏறுவது ஒரு சாதியின் வேலையாகப் பார்க்கப்பட்டது. படித்த அடுத்த தலைமுறை அதைவிட்டு வெளியேறியது. காய் வெட்ட ஆள் கிடைக்காமல் தோப்புகள் தவித்தன. 2011-ல் தென்னை வளர்ச்சி வாரியம் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற பயிற்சியைத் தொடங்கியது. ஆறு நாள் பயிற்சி, ஏறும் இயந்திரம், விபத்துக் காப்பீடு. எந்தச் சாதியாரும் சேரலாம், பெண்களும் சேரலாம். பெண்கள் இயந்திரத்தில் ஏறி இறங்கினார்கள். பிறகு அந்தப் பயிற்சி தமிழ்நாடு உட்பட மற்ற மாநிலங்களுக்கும் வந்தது.

நல்ல திட்டம், எங்களுக்கு அதில் குறை இல்லை. வரிசையை மட்டும் கவனியுங்கள். ஒரு சாதியார் மலிவாக ஏறிக்கொண்டிருந்தவரை அது குலத்தொழில். அவர்கள் ஏற மறுத்ததும் அதே வேலை ‘திறன்’ ஆயிற்று. பயிற்சி வந்தது, இயந்திரம் வந்தது, காப்பீடும் வந்தது. விழுந்தவர்களின் எண்ணிக்கை கொண்டுவராததை, ஏற மறுத்தவர்களின் எண்ணிக்கை கொண்டுவந்தது.

பயிற்சி என்றால் என்ன

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறோம். ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் படம் காட்டி, கையெழுத்து வாங்கிவிட்டு, நாளைக்கு விழுந்தால் “பயிற்சி கொடுத்தோமே” என்று கைகழுவுவதும் நடக்கிறது. அது ‘கால் தவறிட்டான்’ என்பதன் படித்த வடிவம். அதனால் பயிற்சி எப்போதும் இரண்டாவதுதான். முதலாவது, விழாதபடி இடத்தை அமைப்பது. பிரிட்டனின் 2005 விதிகள் இந்த வரிசையைத்தான் சொல்கின்றன: முடிந்தால் உயரத்தில் வேலையையே தவிர்; முடியாவிட்டால் விழாமல் தடு; அதுவும் முடியாவிட்டால் விழுந்தாலும் அடி குறையச் செய்.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பாலம் 1933-லிருந்து 1937 வரை கட்டப்பட்டது. பாலத்தின் அடியில் 1,30,000 டாலர் செலவில் வலை கட்டினார்கள். அந்த வலையில் விழுந்து 19 பேர் உயிர் பிழைத்தார்கள். அந்த 19 பேரும் மற்றவர்களைப் போலவே கால் தவறியவர்கள்தான். கால் யாருக்கும் தவறும். கீழே வலை இருந்ததா என்பதுதான் கேள்வி. 1937 பிப்ரவரி 17 அன்று ஒரு பெரிய சாரமே அறுந்து வலையையும் கிழித்துக்கொண்டு போனதில் பத்துப் பேர் இறந்தார்கள். வலை கட்டினால் போதாது, சாரத்தின் பிடிமானத்தையும் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பத்து உயிர் கொடுத்த பாடம்.

நல்ல பயிற்சியில் இருப்பவை சாதாரண விசயங்கள்தான், ஆனால் உயிர் விசயங்கள். இடுப்பு பெல்ட்டில் விழுந்தால் முதுகெலும்பும் விலாவும் போகும், முழு உடல் பெல்ட் வேண்டும். கொக்கியைத் தலைக்கு மேலே, தாங்கும் இடத்தில் மாட்ட வேண்டும். காலடியில் மாட்டினால் விழும் தூரம் கூடும். சாரத்தைச் சுவரோடு கட்டியிருக்கிறதா என்று ஏறும் முன் அசைத்துப் பார்க்க வேண்டும். பெல்ட்டில் அசையாமல் தொங்குகிறவருக்குக் கால்களில் ரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே நினைவு தப்பலாம்; ஆகவே மேலே ஒருவர் ஏறும்போதே அவரை இறக்கும் வழியையும் கீழே இருப்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முதுகில் அடிபட்டவரை நான்கு பேர் கை கால் பிடித்து வண்டியில் போடக் கூடாது. இதில் பாதி அந்தப் பெரியவருக்கு அவருடைய அய்யா சொன்னதில் இருக்கிறது. மீதிப் பாதிக்குப் பணம் செலவாகும். அந்தப் பாதிதான் வேலை கொடுத்தவர் தர வேண்டியது, தராமல் விட்டது.

நாங்கள் கேட்பது

பயிற்சி நாளுக்கும் கூலி வேண்டும். கூலி இல்லாத பயிற்சிக்கு அன்றாடங்காய்ச்சி வர முடியாது. ஒவ்வொரு தோப்புக்காரரும் ஒவ்வொரு மேஸ்திரியும் தனித்தனியே பெல்ட்டும் கயிறும் வாங்க மாட்டார்கள். பேரூராட்சியோ கூட்டுறவுச் சங்கமோ வாங்கிவைத்து வாடகையில்லாமல் கொடுக்கட்டும். நலநிதியில் பணம் இருக்கிறது. பத்து பேர், இத்தனை லட்சம் என்ற வரம்புகள் பாதுகாப்பு விதிகளிலிருந்து நீங்க வேண்டும். சித்தாளாகவே முப்பது வருடம் கல்லும் கலவையும் சுமக்கும் பெண்களுக்குக் கொத்தனார் பயிற்சி வேண்டும். மழை, காற்று, பக்கத்தில் மின்கம்பி என்றால் “இன்னிக்கு ஏற மாட்டேன்” என்று சொல்பவருக்கு நாளைக்கும் வேலை இருக்க வேண்டும். இந்தக் கடைசி உரிமை இல்லையென்றால் மற்றவை எல்லாம் சுவரொட்டிதான்.

நம் தெருக்காரர்களுக்கும் ஒரு சொல். வாரியத்தில் பதிவு செய்யுங்கள், பதிவைப் புதுப்பியுங்கள். விபத்து நடந்தால் அந்த இடத்தைப் படம் எடுத்து வையுங்கள், காவல் நிலையத்தில் புகாரைப் பதியுங்கள். நட்டஈட்டுக்கு இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும், மறந்துவிடாதீர்கள். “குடிச்சிருந்தான்” என்று யார் சொன்னாலும் தலைகுனியாதீர்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் பேச்சு முடிந்து எழுந்தபோது அந்தப் பெரியவரிடம் இன்னொன்று கேட்டோம்: “இத்தனை சொல்லிக் குடுத்த உங்கய்யா, விழுந்தா என்ன செய்யணும்னு சொன்னாரா, தாத்தா?”

“அதச் சொல்லல தம்பி,” என்றார். “அவரே விழுந்துதான் போனாரு.”

அவர் பேரன் இப்போது ஐ.டி.ஐ.யில் படிக்கிறான். காற்றாலை வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறான். தாராளமாகப் போகட்டும், சான்றிதழோடு ஏறட்டும். ஆனால் தென்னையில் ஏறப்போகிற இன்னொரு வீட்டுப் பையனுக்கும் அதே கயிறும் அதே பாடமும் கிடைக்கிற நாள் வரைக்கும், ‘கால் தவறிட்டான்’ என்று யாராவது சொன்னால் நாம் திருப்பிக் கேட்போம்: கயிறு எங்கே இருந்தது?

ஜெய்பீம்.